பாலைக் காத்த பாஸ்டர்

விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களில் மாட்டுத் தொழுவங்கள் விழித்துக்கொள்கின்றன. கறந்த பால் தூக்குகளில் பால் சொசைட்டிக்குப் போகிறது. அங்கே அளந்து, பால்மானி விட்டுப் பார்த்து, கேன்களில் ஊற்றி வண்டியில் ஏற்றுகிறார்கள். சூரியன் நன்றாக மேலே வருவதற்குள் அது குளிர்ந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையேல் அன்றைய உழைப்பு வீண். பால் கெடாமல் வரும் நாளில் அதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. சித்திரை மாதத்தில் காலையில் வாங்கிய பால் நண்பகலில் அடுப்பில் திரிந்து போகும்போதுதான் யோசிக்கிறோம். பால் ஏன் திரிகிறது? எவ்வளவு நேரத்தில் திரியும்? திரிவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

இக்கேள்விகளுக்கு வழி திறந்துவிட்டவர் பிரான்சு நாட்டில் பிறந்த லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்று கீழ் வகுப்புகளில் ஒரு மதிப்பெண் வினாவுக்காக அவர் பெயரை மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அவர் கிருமிகளைத் தேடத் தொடங்கியது நாயிடம் அன்று, புளித்த பாலிடத்தில் என்பது தோழியர் பலருக்குத் தெரிந்திராது. ஆகவே அம்மேதையின் வரலாற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு இரண்டு நாள் கழித்து, ஜூரா மலைப்பகுதியில் உள்ள டோல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ழான் ஜோசப் நெப்போலியனின் படையில் பணியாற்றி விருது பெற்றவர். போர் முடிந்தபின் தம் குடும்பத் தொழிலாகிய தோல் பதனிடுதலுக்கே திரும்பினார். லூயி சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் ஆர்பாய் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆற்றோரத்தில் வீடு, வீட்டிலேயே தோல் ஊறும் தொட்டிகள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பேருந்தில் போனவர்களுக்கு அந்த வாடை எப்படி இருக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

பள்ளியில் லூயி முதல் மாணவர் அல்லர். படம் வரைவதில்தான் அவருக்கு நாட்டம். தாயையும் தந்தையையும் அண்டை வீட்டாரையும் வண்ணக்கோல்களால் அழகாக வரைந்தார். அப்படங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. மெதுவாகப் படிப்பவர், ஆனால் புரியாததைப் புரிந்ததாகச் சொல்லாதவர் என்பதைக் கண்ட பள்ளித் தலைமையாசிரியர், இப்பிள்ளையைப் பாரிசுக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று தந்தையிடம் கூறினார். 1838-இல் லூயி பாரிசுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது பதினைந்து, எங்கள் வயதுதான். அங்கே விடுதியில் அவரால் இருக்க முடியவில்லை. உணவு செல்லவில்லை, உறக்கம் இல்லை. வீட்டுத் தோல் தொட்டியின் வாடையை ஒருமுறை முகர்ந்தால் போதும் என்று ஏங்கினார். சில வாரங்களிலேயே தந்தை நேரில் வந்து மகனை ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டார். இப்பகுதியை எங்கள் விடுதித் தோழியருக்குப் படித்துக் காட்டினோம். யாரும் சிரிக்கவில்லை.

பின்னர் ஊருக்கு அருகிலுள்ள பெசான்சோன் நகரில் படிப்பைத் தொடர்ந்தார். 1842-இல் அறிவியல் பட்டம் பெற்றபோது வேதியியலில் அவருக்குக் கிடைத்த குறிப்பு நடுத்தரம் என்பதே. பாரிசிலிருந்த உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தேறிய போதும், பெற்ற இடம் தாழ்வானது என்று கருதிச் சேர மறுத்துவிட்டார். மேலும் ஓராண்டு உழைத்து மறுபடியும் எழுதி முதல் ஐந்து இடங்களுக்குள் வந்த பிறகே சேர்ந்தார். நாங்களாக இருந்தால் கிடைத்த இடமே போதும் என்று முதல் ஆண்டே சேர்ந்திருப்போம்!

நம் வீட்டுப் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் அவருடைய முதல் வெற்றிக்குக் காரணமாயிற்று. அதன் ஒருவகை உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அவற்றுள் இரண்டு வகை இருப்பதைக் கண்டார். வலக்கையும் இடக்கையும்போல ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழலாக இருந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியல்களாகப் பிரித்தார். இது நடந்தது 1848-இல்; அவருக்கு வயது 25. உயிருள்ளவை செய்யும் பொருள்களில் இந்த வலம் இடம் என்ற வேறுபாடு காணப்படுகிறது என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆழமாக ஊன்றிவிட்டது. பிற்காலத்தில் அவர் பாலையும் சாராயத்தையும் நோக்கித் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1849-இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஆசிரியராக இருந்தபோது அங்கிருந்த கல்விக்கழகத் தலைவரின் மகளான மேரி லோரான் அம்மையாரை மணந்தார். இந்த அம்மையாரைப் பற்றிப் பல நூல்கள் ஒரே வரியில் சொல்லிப் போய்விடுகின்றன. மாலை வேளைகளில் கணவர் சொல்லச் சொல்லக் கட்டுரைகளை எழுதியவர் அவர். புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டவர் அவர். பட்டுப்புழு ஆராய்ச்சியின்போது புழு வளர்த்து முட்டைகளைக் கவனித்தவரும் அவர். நாற்பத்தாறு ஆண்டுகள் இப்படி வேலை செய்த ஒருவரை உதவியாளர் என்றாவது அழைத்திருக்க வேண்டாமா?

1854-இல் பாஸ்டர் வட பிரான்சில் உள்ள லீல் நகரில் அறிவியல் துறைத் தலைவராக நியமிக்கப்பட்டார். அது தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். 1856-இல் பீகோ என்ற தொழிலதிபர் அவரிடம் ஒரு முறையீட்டுடன் வந்தார். அவருடைய மகன் பாஸ்டரின் மாணவன். பீட்ரூட் கிழங்குச் சாற்றைப் புளிக்கவைத்துச் சாராயம் காய்ச்சுவது அவர் தொழில். சில தொட்டிகளில் சாறு கெட்டுப் புளித்து நாறியது, பெருத்த நட்டம். பாஸ்டர் நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் சொட்டுச் சொட்டாக எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் அணுக்கள் இருந்தன. கெட்ட தொட்டியிலோ அவற்றைவிட மிகச் சிறிய கோல் போன்றவை நெளிந்தன. அங்கே உண்டாகியிருந்தது பாலைப் புளிக்கச் செய்யும் அதே லாக்டிக் அமிலம்.

அக்காலத்துப் பெரிய வேதியியல் அறிஞரான ஜெர்மனியின் லீபிக், நொதித்தல் என்பது பொருள் அழுகிச் சிதைவதால் வரும் வேதி மாற்றமே, அதில் உயிருக்கு வேலை இல்லை என்று சொல்லி வந்தார். பாஸ்டர் புளித்த பொருளின் அடியில் படியும் சாம்பல் நிறப் பொருளைச் சிறிதளவு எடுத்துச் சர்க்கரையும் சத்தும் கலந்த புதிய தெளிநீரில் இட்டார். மறுநாள் அந்நீரும் புளித்தது. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வேறொன்றில் இட்டார், அதுவும் புளித்தது. நம் வீட்டில் இரவு பாலுக்கு உறைமோர் ஊற்றுகிறோமே, அதையேதான் அவர் ஆய்வுக்கூடத்தில் செய்தார். ஆனால் அந்த உறையினுள் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவை தின்று பெருகுகின்றன, அவை பெருகுவதே புளிப்பு என்று காட்டினார். 1857 ஆகஸ்டில் லீல் நகர அறிவியல் கழகத்தில் இதனை வாசித்தார். பால் புளிப்பதைப் பற்றிய சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரையில் ஒரு புதிய அறிவியலே அடங்கியிருந்தது.

உயிர் என்றால் பெருகும். பெருகும் என்றால் கணக்கிடலாம். எங்கள் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பெருக்குத் தொடர்வரிசை என்று ஒரு பகுதி வருகிறது. இது எதற்குப் பயன்படும் என்று நாங்கள் முணுமுணுத்ததுண்டு. இதோ ஒரு பயன். வெதுவெதுப்பான பாலில் ஒரு நுண்ணுயிர் அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு ஒரு துளிப் பாலில் 1,000 இருந்தால் 9 மணிக்கு 64,000. பதினொரு மணிக்கு 10,24,000. அதே பாலை 4 அல்லது 5 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்துவிட்டால் அந்த நுண்ணுயிர் ஒருமுறை பிளக்கவே பல மணி நேரம் ஆகும். கறந்த பாலைச் சொசைட்டிகளின் பல்க் கூலர்களில் ஊற்ற அத்தனை அவசரம் காட்டுவது இதனால்தான். தொடக்க எண்ணிக்கையும் முக்கியம். சரியாகக் கழுவாத தூக்கில் கறந்த பால் 1,000-க்குப் பதில் 64,000-இல் தொடங்கினால், அது மூன்று மணி நேரம் முன்னதாகவே கெட்டுப்போன பால் என்று பொருள். அதை ஊர்க் கேனில் ஊற்றினால் அடுத்த வீட்டாரின் நல்ல பாலும் அதனுடன் சேர்ந்து போய்விடும்.

எங்கள் வகுப்பில் கறவை மாடு உள்ள வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. கடந்த கோடையில் எங்களுள் ஒருத்தியின் வீட்டுப் பால் இரண்டு நாள் தொடர்ந்து புளித்துவிட்டது என்று திரும்பி வந்துவிட்டது. மாட்டுத் தீவனக் கடனும் பள்ளிக் கட்டணமும் அந்தப் பாலில்தான் இருந்தன. வெயிலின் குற்றமா, வண்டி தாமதித்த குற்றமா, தூக்கின் குற்றமா என்று அவ்வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. இதைக் கேட்ட எங்கள் அறிவியல் ஆசிரியை அருட்சகோதரி அவர்கள் ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் மெத்திலின் நீலச் சோதனையைச் செய்து காட்டினார்கள். 10 மில்லிலிட்டர் பாலில் 1 மில்லிலிட்டர் நீலச் சாயக் கரைசலைக் கலந்து, குழாயை மூடி, 37 டிகிரி வெந்நீரில் நிறுத்த வேண்டும். நுண்ணுயிர்கள் பாலிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் சாயத்தின் நீலம் மறைந்து பால் மீண்டும் வெண்மையாகிவிடும். எவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறதோ அவ்வளவு நுண்ணுயிர்கள் உள்ளே இருக்கின்றன. 5 மணி நேரத்துக்கு மேல் நீலம் நின்றால் மிக நல்ல பால். 3 முதல் 4 மணி வரை நின்றால் நல்ல பால். 1 முதல் 2 மணி என்றால் சுமார். அரை மணிக்குள் வெளுத்தால் மோசம். பச்சைப் பாலுக்கு நம் நாட்டில் வழங்கிவரும் தரக் கணக்கு இது. அன்று காலை கறந்த பால் எங்கள் மாலை மணி அடிக்கும்வரை நீலமாகவே நின்றது. முதல் நாள் மாலை கறந்து வெளியிலேயே வைத்திருந்த பால் அடுத்த பாடவேளை முடிவதற்குள் வெளுத்துவிட்டது. நாவில் வைத்துப் பார்த்தால் அந்தப் பால் இன்னும் புளித்திருக்கவில்லை! நாக்குக்குத் தெரியாததை நீலம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. விழுப்புரத்தில் ஆவின் பால் பண்ணை இருப்பது நாம் அறிந்ததே. இதுபோன்ற பண்ணைகள் எல்லாவற்றுக்கும் தனியே ஆய்வுக்கூடம் இருப்பது ஏன் என்று அன்று எங்களுக்கு விளங்கியது.

பாஸ்டரின் கதைக்குத் திரும்புவோம். 1857-இல் தாம் படித்த கல்லூரிக்கே பொறுப்பாளராகப் பாரிசுக்கு வந்தார். கட்டடத்தின் மாடி மூலையில் இருந்த ஒட்டறை படிந்த அறைதான் அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம். அவருக்குப் பிள்ளைகள் ஐவர். மூத்த மகள் ழான் 1859-இல் தன் ஒன்பதாம் வயதில் டைபாய்டு காய்ச்சலால் இறந்தாள். 1865-இல் இரண்டு வயதுக் குழந்தை கமீல் இறந்தது. அடுத்த ஆண்டே பன்னிரண்டு வயதான செசீல் டைபாய்டு கண்டு இறந்தாள். டைபாய்டு அசுத்த நீராலும் பாலாலும் பரவுவது என்று இன்று நமக்குத் தெரியும். அதை உண்டாக்கும் கிருமியை அன்று யாரும் கண்டதில்லை. மூன்று மகள்களைப் புதைத்த தந்தை ஒவ்வொரு முறையும் சில நாள்களில் நுண்ணோக்கிக்குத் திரும்பினார். அதைக் கல்நெஞ்சம் என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்நாளில் மற்றொரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அழுகும் பொருளில் நுண்ணுயிர்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று பூஷே என்ற அறிஞர் வாதாடினார். பாஸ்டர் அன்னக்கழுத்துப்போல் வளைந்த நீண்ட கழுத்துடைய கண்ணாடிக் குடுவைகளைச் செய்வித்தார். உள்ளே ஊட்டநீரைக் கொதிக்கவைத்தார். காற்று உள்ளே போகலாம். தூசி வளைவிலேயே தங்கிவிடும். குடுவை நீர் கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் கெட்டது. அடுத்து, மூடிய குடுவைகளை இருபது இருபதாக எடுத்துச் சென்று வெவ்வேறு இடங்களில் திறந்து மூடினார். ஆர்பாய் ஊர்ப்புறத்தில் திறந்தவற்றுள் 8 கெட்டன. ஜூரா மலைமேல் 5 கெட்டன. 1860-இல் ஆல்ப்ஸ் பனிப்பாறை மேல் ஏறித் திறந்தவற்றுள் ஒன்றே ஒன்று கெட்டது. உயிர் காற்றுத் தூசியில் இருந்து வருகிறது, தானாகத் தோன்றுவதில்லை.

இந்தச் சோதனைகளில் பால் மட்டும் அவரை அலைக்கழித்தது. மற்ற நீர்மங்கள் 100 டிகிரியில் கொதித்தால் போதும். பாலோ கொதித்த பின்னும் சில நாளில் திரிந்தது. எதிர்க்கட்சிக்காரருக்கு இது நல்ல ஆயுதம் அல்லவா! பாஸ்டர் அதை மறைக்கவில்லை. அழுத்தத்தை ஏற்றி 110 டிகிரிக்குச் சூடாக்கினார். பால் கெடாமல் நின்றது. கொதிநீரையும் தாங்கும் விதை போன்ற உறைவித்துகள் சில நுண்ணுயிர்களுக்கு உண்டு என்பது 1870-களில்தான் மற்ற அறிஞர்களால் விளங்கியது. இன்று காற்றுப் புகாத அட்டைப் பெட்டிகளில் மாதக் கணக்கில் கெடாமல் வரும் பாலை 135 டிகிரிக்கும் மேலே சில விநாடிகள் சூடாக்குவது இந்த உறைவித்துகளை மனத்தில் வைத்துத்தான்.

திராட்சை மதுவைப் பற்றி நம் பள்ளி மலரில் எழுதலாமா என்று சற்றே தயங்கினோம். அதை விட்டால் கதை நகராது. பிரான்சின் மது கப்பலில் போகும்போது கெட்டுப்போய் வாணிபம் பாதிக்கப்பட்டது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இதை ஆராயுமாறு பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். கெட்ட மதுவில் எல்லாம் ஏதோ ஒரு நுண்ணுயிர் புகுந்திருப்பதைக் கண்டார் அவர். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், சுவையும் சாகும். ஆகவே காற்றுப் புகாமல் சுமார் 60 டிகிரி வரை மட்டும் சிறிது நேரம் சூடாக்கினால் போதும் என்று கண்டார். 1865-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடற்படைக் கப்பல்களில் ஏற்றிப் பல மாதம் வைத்துச் சோதித்தனர். சூடாக்கிய மது நன்றாகவே இருந்தது. இந்த முறைக்குத்தான் அவர் பெயரால் பாஸ்டரைசேஷன் என்ற பெயர் வந்தது.

ஆனால் அதைப் பாலுக்குக் கொண்டுவந்தவர் பாஸ்டர் அல்லர். 1886-இல் ஜெர்மனியைச் சேர்ந்த சாக்ஸ்லெட் என்பவர் குழந்தைகளுக்கான பாலைப் புட்டியிலேயே சூடாக்கிக் கொடுக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் பச்சைப் பாலைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்காலும் காசநோயாலும் ஏராளமாக மடிந்துகொண்டிருந்த காலம் அது. நியூயார்க்கில் 1893-இல் ஸ்டிராஸ் என்ற வணிகர் ஏழைக் குழந்தைகளுக்காகச் சூடாக்கிய பால் வழங்கும் நிலையம் திறந்தார். 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி என்பது பாலுக்கு நிலைபெற்ற கணக்கு. பாலில் பரவும் நோய்க் கிருமிகளுள் சூட்டை மிகவும் தாங்கக்கூடியது எதுவோ, அது எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பார்த்தே இக்கணக்கை வகுத்தார்கள். முதலில் காசநோய்க் கிருமியை அளவாகக் கொண்டார்கள். பிறகு க்யூ காய்ச்சல் கிருமி அதைவிடத் தாக்குப்பிடிப்பது என்று தெரிந்ததும், 1950-களில் அமெரிக்காவில் சூட்டைச் சற்றே உயர்த்தினார்கள்.

நம் நாட்டில் பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பொங்கலன்று பால் பொங்கினால்தான் நமக்கு மகிழ்ச்சியே. பாஸ்டரின் பெயரையே கேட்டிராத நம் பாட்டிமார் எத்தனையோ குழந்தைகளை இவ்வழக்கத்தால் காப்பாற்றியிருக்கிறார்கள். என்றாலும் கெட்ட பாலைக் காய்ச்சினால் நல்ல பால் ஆகிவிடாது. சில கிருமிகள் பாலில் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிப்பிலும் அழியாது. காய்ச்சிய பாலில் திரும்பவும் கிருமி விழுந்தால் அங்கே அதற்குப் போட்டியும் இருக்காது. மறுபடி இரண்டு, நான்கு, எட்டு என்று கணக்குத் தொடங்கிவிடும்.

1865 முதல் 1870 வரை தென் பிரான்சில் பட்டுப்புழு நோய்களை ஆராய்ந்து அத்தொழிலை மீட்டார். நடுவே 1868-இல் பக்கவாதம் தாக்கி அவருடைய இடது பக்கம் செயலற்றது. வயது 45 மட்டுமே. அதன் பிறகு அவர் செய்த அத்தனை சோதனைகளிலும் நுண்மையான கைவேலைகளைச் சீடர்களே செய்ய வேண்டியிருந்தது. கோழிக் காலராவுக்கும் ஆடு மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்கும் தடுப்பூசி கண்டார். 1881-இல் ஒரு பண்ணையில் ஊரார் முன்னிலையில் செய்த அடைப்பான் சோதனையில் தடுப்பூசி போட்ட ஆடுகள் எல்லாம் நின்றன, போடாதவை விழுந்தன. அன்று பயன்படுத்திய மருந்து அவர் வெளியே சொல்லிய முறைப்படி செய்ததன்று, அவருடைய துணைவர் ஷாம்பர்லான் வேறு வழியில் செய்தது என்பது அவருடைய குறிப்பேடுகள் பின்னாளில் ஆராயப்பட்டபோது தெரியவந்தது. பெரியவர்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட பக்கங்களை ஒளிக்க வேண்டியதில்லை என்றே நாங்கள் கருதுகிறோம். ஆடுகள் பிழைத்தது பொய்யன்று. துணைவரின் பெயரை அன்றே சொல்லியிருக்கலாம்.

வெறிநாய்க்கடி வரலாறு எல்லோரும் அறிந்தது. 1885 ஜூலை 6-ஆம் நாள் அல்சாஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் அழைத்து வந்தாள். உடலெங்கும் கடி. பாஸ்டர் மருத்துவர் அல்லராதலால் மருத்துவர் கிராஞ்சே ஊசி போட்டார். பதின்மூன்று ஊசிகள். அத்தனை இரவும் பாஸ்டர் உறங்கவில்லை. சிறுவன் பிழைத்தான்; வளர்ந்தபின் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலராக வேலை பார்த்தான். தென்னிந்தியாவில் நாய்க்கடி பட்டவர்கள் வடக்கே இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி வரை போக வேண்டியிருந்த நிலை, 1907-இல் நம் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்ட பிறகே மாறியது.

பாரிசில் பொதுமக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. 1888 நவம்பர் 14-இல் திறப்பு விழா. மனம் நெகிழ்ந்து பேச முடியாமல் போகவே, பாஸ்டரின் உரையை அவர் மகன் படித்தார். அக்காலத்தில் நமக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் கொடியே பறந்துகொண்டிருந்தது என்பது நினைவுக்கு வருகிறது.

அந்நிறுவனம் பாலை மறக்கவில்லை எனலாம். ழாக் மோனோ என்ற அறிஞர் 1940-களில் பாக்டீரியாக்கள் எந்த வேகத்தில் பெருகுகின்றன என்பதை வரைபடங்களாக்கினார். அவை புதிய இடத்தில் முதலில் சிறிது தயங்கும். பிறகு இரட்டித்து இரட்டித்து ஏறும். உணவு தீர்ந்ததும் நிற்கும். மோனோ அந்நிறுவனத்திலேயே பணியாற்றி 1965-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1982-இல் ஆஸ்திரேலியாவின் ராட்கவ்ஸ்கியும் அவருடன் உழைத்தோரும், பெருகும் வேகத்தின் வர்க்கமூலத்தை வெப்பநிலையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நேர்கோடு கிடைக்கிறது என்று காட்டினர். வர்க்கமூலமும் நேர்கோடும் எங்களுக்குத் தெரிந்தவையே! இத்தகைய சமன்பாடுகளைக் கொண்டு, பால் பையைத் திறக்காமலே, அது எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று தெரிந்தால் உள்ளே கிருமி எவ்வளவு பெருகியிருக்கும் என்று கணிக்கிறார்கள். குளிர்ப்பெட்டிக்குள்ளும் மெதுவாக வளரும் லிஸ்டீரியா போன்ற கிருமிகளுக்குத்தான் இக்கணக்கு மிகவும் தேவைப்படுகிறது. அவை பாலைப் புளிக்க வைப்பதில்லை, நாறச் செய்வதில்லை, கருவுற்ற தாய்மார்க்கோ கேடு செய்யக்கூடியவை.

பாஸ்டரின் இறுதி நாள்கள் பாரிசுக்கு வெளியே வில்நெவ் லெத்தாங் என்ற இடத்தில் கழிந்தன. நாய்க்கடி ஆய்வுக்காக நாய்கள் வளர்க்கப்பட்ட பழைய குதிரைக் கொட்டடி அங்கே இருந்தது. 1895-ஆம் ஆண்டு கோடையில் மரங்களின் நிழலில் அமர்ந்திருப்பார். மேரி அம்மையார் அருகில் இருந்து நூல்கள் படித்துக் காட்டுவார். உடல் வரவர ஒடுங்கியது. செப்டம்பர் 27-ஆம் நாள் யாரோ ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து நீட்டினார்கள். தம்மால் முடியவில்லை என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் அசைவின்றிக் கிடந்தார். ஒரு கையை மேரி அம்மையார் பற்றியிருந்தார். மற்றொரு கையில் பாடுபட்ட சுரூபம் இருந்தது. மறுநாள், செப்டம்பர் 28, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் உயிர் பிரிந்தது. பாஸ்டர் நிறுவனத்தின் அடியில் அமைத்த கல்லறையில் அவர் உடல் வைக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து மேரி அம்மையாரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.